எது வேணுங்க?

தேவராஜ் நல்லவன்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கதை போகிற போக்கில் பின்னால் சொல்ல இடம் கிடைக்காமல் போகலாம். முள்ளுக்குறிச்சியில் மூன்று ஏக்கர் கிணற்றுப் பாசனம், அப்பா இல்லாத வீடு, அம்மா காளியாத்தாள், ராசிபுரத்தில் படித்து வாங்கிய தாவரவியல் பட்டம். அந்தப் பட்டத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டு, அதற்குக் கீழேயே உட்கார்ந்து இரண்டு வருஷம் கடலைக்காய் உரித்தான். அவனுக்குப் பொய் சொல்லத் தெரியாது, திருடத் தெரியாது. வாயை மூடிக்கொண்டு இருக்க மட்டும் நன்றாகத் தெரியும். ஒரு மனிதன் கெட்டுப்போக அது ஒன்றே போதும்.

1998 தை மாதம் அவனுக்கு வேலை கிடைத்தது. சேலத்தில் அலுவலகம் வைத்திருந்த ஒரு நிறுவனம், கொல்லிமலையில் விளைகிற சிறுதானியங்களில் மக்கள் எதை விரும்புகிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு எழுத ஆறு பேரைத் தற்காலிகமாக எடுத்தது. சாமையும் ராகியும் தினையுமாக மொத்தம் பன்னிரண்டு ரகம். அவற்றில் முதல் நான்கு இடத்தில் வருவதை விதை பெருக்கி, மலைமேல் ஒரு விதைக்கிடங்கு கட்டி, அதில் வைத்து மக்களுக்குக் கொடுப்பதாகத் திட்டம். காளியாத்தாள் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள், மகன் கம்ப்யூட்டர் வேலைக்குப் போகிறான் என்று. தேவராஜ் அதுவரை கம்ப்யூட்டரைத் தொட்டதில்லை.

அதைத் தொட்டவர் தரணிதரன். சேலம் அலுவலகத்தில் ஏ.சி. போட்ட ஒரே அறை அவருடையது, ஏ.சி. அவருக்காக அல்ல, பெட்டிக்காக. ஆறு பேரையும் உட்கார வைத்து அவர் வேலையை விளக்கினார்.

"பன்னண்டையும் வரிசைப்படுத்துங்கன்னு கேட்டா யாராலயும் சொல்ல முடியாது. உங்களுக்குப் புடிச்ச பன்னண்டு பலகாரத்த வரிசையாச் சொல்லிப் பாருங்க, அஞ்சாவதுல நின்னுருவீங்க. ஆனா லட்டா ஜிலேபியான்னு கேட்டா உடனே சொல்லீருவீங்க. அதனால ரெண்டு ரெண்டாக் கேளுங்க. மொத்தம் அறுபத்தாறு ஜோடி வரும். ஒரு வீட்டுக்குப் பன்னண்டு ஜோடி போதும். எந்த வீட்டுல எந்த ஜோடியக் கேக்கணும்னு கம்ப்யூட்டரே சீட்டு அடிச்சுக் குடுக்கும். கேக்காத ஜோடிக்கும் பதில அதுவே கத்துக்கும்."

"கேக்காமயேங்களா சார்?" என்றான் தேவராஜ்.

"நாலாயிரம் வீடு. அம்பதாயிரம் பதில். அத்தனையும் உள்ள போனா, இந்த மலைக்கு என்ன புடிக்கும்னு மலைய விட அதுக்கு நல்லாத் தெரிஞ்சுரும்."

"யாராச்சும் தப்பாச் சொல்லீட்டா?"

"ஒருத்தர் ரெண்டு பேர் தப்பாச் சொன்னா அது கூட்டத்துல கரைஞ்சிரும். அதப் பத்திக் கவலயே படாதீங்க."

கவலைப்படாதே என்று ஒருவர் சொன்னால் தேவராஜ் அதை வேதவாக்காக எடுத்துக்கொள்வான். கவலைப்படவில்லை.

அவனுக்குக் கொடுத்தது அரியூர் நாட்டிலும் திண்ணனூர் நாட்டிலும் எழுநூறு வீடு; சில ஊர்கள் சேர்ந்த பகுதியை மலையில் நாடு என்பார்கள். பன்னிரண்டு ரகமும் பன்னிரண்டு சின்னப் பிளாஸ்டிக் பைகளில் ஒவ்வொரு கைப்பிடி. காலையில் மலைப் பஸ் ஏறி, வளைவுக்கு வளைவு வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலே போய், இறங்கி நடப்பான். பஸ் போகாத ஊருக்கு ஒற்றையடிப் பாதை. முதல் வீடு அரியூர் நாட்டில் சின்னராசு என்பவருடையது. தேவராஜ் இரண்டு பைகளை முறத்தில் வைத்து, அச்சடித்த தாளைப் பார்த்து வாசித்தான்: இவ்விரண்டு ரகங்களுள் தாங்கள் எதனைப் பெரிதும் விரும்புகிறீர்கள்?

சின்னராசு பைகளைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், உள்ளே திரும்பி மனைவியைக் கூப்பிட்டார்.

"ஏ புள்ள, இங்க வா. இந்தத் தம்பி சாமைய விரும்பறயா, தெனைய விரும்பறயான்னு கேக்கறாரு. விரும்பறதுக்கு அது என்னுங்க தம்பி, பொம்பளையா? வெதைங்க."

அந்த வீட்டில் ஐந்து நிமிஷம் சிரித்தார்கள். அடுத்த வீட்டுக்கு அவன் போவதற்குள் சிரிப்பு அவனுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. மூன்றாவது வீட்டில் தேவராஜ் தாளை மடித்துப் பையில் வைத்தான். இரண்டு பைகளை நீட்டி, தன் ஊர்ப் பேச்சில், "எது வேணுங்க?" என்றான். யாரும் சிரிக்கவில்லை. பதில் பட்டென்று வந்தது. முதல் இரண்டு வீட்டுக்கும் திரும்பிப் போய், அதையே கேட்டு எழுதிக்கொண்டான். ஒரு வீடு கால்மணி நேரத்தில் முடிந்தது. மற்ற ஐந்து பேர் நாளுக்கு எட்டு வீடு முடித்தபோது அவன் பதினைந்து முடித்தான். ஆழம் தெரியாமல் காலை விடுகிறவனுக்குத் தண்ணீர் முதலில் குளுகுளு என்றுதான் இருக்கும்.

பங்குனியில் ஒருநாள் உச்சிவெயிலில் திண்ணனூர் நாட்டில் பாப்பாயி வீட்டுக்குப் போனான். அது அவனுடைய இருநூற்றுப் பதின்மூன்றாவது வீடு. பாப்பாயிக்கு நாற்பது வயது இருக்கும். வாய்த்துடுக்கு என்று அந்தப் பக்கத்தில் பெயர் எடுத்தவள். பள்ளத்தில் கொஞ்சம் நெல், மேட்டில் ஒரு கல்லாங்காடு. அவளுடைய புருஷன் அப்பாசாமி வாசலில் மிளகு உதிர்த்துக்கொண்டிருந்தார். பேசுகிற வேலையை அவர் கல்யாணத்தன்றே மனைவியிடம் ஒப்படைத்துவிட்டவர்.

பாப்பாயிக்கு வந்த சீட்டில் நான்கு ஜோடிகளில் பனிச்சாமை இருந்தது. நான்கிலும் அவள் பனிச்சாமையைத் தள்ளி மற்றதைக் காட்டினாள், அவன் சீட்டில் அதற்கு நேரே கோடு போட்டான். தேவராஜுக்கு ஆச்சரியம் இல்லை. எல்லா வீட்டிலும் அப்படித்தான். பன்னிரண்டில் ஆக மட்டமானது பனிச்சாமை என்று அவனே முடிவு கட்டியிருந்தான். பன்னிரண்டாவது கோட்டையும் போட்டுவிட்டு எழுந்தபோது, பாப்பாயி ஒரு தட்டை அவன் முன்னால் வைத்தாள்.

மலையில் சாப்பாட்டு நேரத்துக்கு வந்தவரைச் சோறு வேணுமா என்று கேட்கிற வழக்கம் இல்லை. கேட்டால் போடுவதற்கு மனசு இல்லை என்று அர்த்தம். கேட்கப்பட்டவனும் வேணாங்க என்று சொல்லிவிட்டு எழுந்து போவதுதான் மரியாதை. போடுகிற வீட்டில் கேட்க மாட்டார்கள், தட்டை வைத்துவிடுவார்கள். தேவராஜும் உட்கார்ந்துவிட்டான்.

சூடான சாமைச்சோறு, மொச்சைக் குழம்பு. முதல் கவளத்திலேயே அவன் நிமிர்ந்து பார்த்தான். சோறு தனித்தனியாக உதிர்ந்தது, வாயில் போட்டால் நெய் ஊற்றியது போல இறங்கியது. வீட்டில் காளியாத்தாள் ரேஷன் அரிசியோடு நடத்துகிற தினசரிப் போராட்டம் அவனுக்கு நினைவு வந்தது.

"ஏனுங்க்கா, இது என்ன சாமைங்க?"

"பனிச்சாமைங்க."

கை தட்டிலேயே நின்றது. "பனிச்சாமைங்களா? நாலு தடவ கேட்டனே. நாலு தடவையும் வேணாம்னீங்களே."

"ஆமாங்க. ஊட்டுல மொடா நெறையாக் கெடக்குது. அத எதுக்குங்க வேணும்னு சொல்றது? எது வேணும்னு நீங்க கேட்டீங்க. இல்லாததத்தான சொல்லோணும்?"

"இல்லீங்க்கா, எது புடிக்கும்னு..."

"அப்பிடியா கேட்டீங்க?" என்றாள் பாப்பாயி. அப்புறம் வாசலைக் காட்டினாள். "இதா உக்காந்திருக்கறாரே, இவரு வேணுமான்னு கேட்டாலும் வேணாம்னுதான் சொல்லுவன். அதான் இருக்கறாரே. அதுக்காவ நீங்க அவரத் தூக்கிட்டுப் போயிருவீங்களா?"

அப்பாசாமி மிளகைப் பார்த்துச் சிரித்தார். பாப்பாயி இன்னொரு அகப்பை சோறு வைத்துக்கொண்டே சொன்னாள். "மழை ஏமாத்துனாலும் இது ஏமாத்தாதுங்க தம்பி. ஆவணி வரைக்கும் வெதைக்கலாம். பனியக் குடிச்சே கதிரு வாங்கீரும். அந்தக் கல்லாங்காட்டுல வேற எதுவும் நிக்காதுங்க. இந்தப் பக்கம் இது இல்லாத ஊடே கெடையாது."

தேவராஜ் தட்டைப் பார்த்தபடியே கணக்குப் போட்டான். இல்லாத வீடே கிடையாது. அதனால்தான் எந்த வீட்டுக்கும் வேண்டியிருக்கவில்லை. இருப்பதெல்லாம் கீழே போயிருக்கிறது, இல்லாததெல்லாம் மேலே ஏறியிருக்கிறது. மற்ற ஐந்து பேருடைய பகுதியில் பனிச்சாமையைப் பார்த்தவர்களே குறைவு. அதைப் பற்றிச் சொல்லவேண்டியது அவனுடைய எழுநூறு வீடுகள்தான். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். அவன் இருநூறு சோறு எடுத்துப் பார்த்திருந்தான், இருநூறும் அடுப்பில் ஏற்றாத பானையிலிருந்து.

பாப்பாயியின் சீட்டை அங்கேயே திருத்தியிருக்கலாம். நான்கு கோடுதான். முதலில் சாரிடம் சொல்லிவிட்டு எல்லாவற்றையும் ஒன்றாகத் திருத்திக்கொள்ளலாம் என்று நினைத்தான். நினைத்தது உண்மைதான்.

மறுநாள் சனிக்கிழமை, சேலம் போனான். பஸ்ஸில் போகும்போதே சொல்லவேண்டியதை இரண்டு மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டான். அறைக்குள் நுழைந்ததும் தரணிதரன் எழுந்து வந்து அவன் தோளில் கை போட்டார். மற்ற ஐந்து பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். திரையில் கோடுகோடாக ஏதோ ஓடியது.

"இதப் பாருங்க. மத்தவங்களோட வீடுகள்ல பதில் மேலயும் கீழயும் ஆடுது. ஒரு வீட்டுல ஒண்ணு, பக்கத்து வீட்டுல வேற. தேவராஜோட வீடுகள்ல ஆட்டமே இல்ல. எல்லா வீடும் ஒரே குரல்ல பேசுது. இவ்வளவு சுத்தமான தகவல நான் இதுவரைக்கும் பாத்ததில்ல. தேவராஜ், எப்படிக் கேக்கறீங்க?"

இதைவிட நல்ல இடம் அவனுக்கு இனிமேல் யார் கொடுப்பார்கள்? எப்படிக் கேக்கறீங்க என்றே கேட்டார். தேவராஜ் வாயைத் திறந்தான்.

"ஆறு பேர்ல ஒருத்தர நிரந்தரம் பண்ணப் போறாங்க" என்றார் தரணிதரன். "உங்க பேரத்தான் எழுதிக் குடுத்திருக்கேன்."

"அவங்க பேச்சுலயே கேக்கறனுங்க சார்" என்றான் தேவராஜ். அப்போது டீ வந்தது. குடித்தான்.

சொன்னது பொய் இல்லை. அதுதான் கொடுமை.

ஊருக்குத் திரும்பும்போது தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். ஒருத்தர் ரெண்டு பேர் தப்புச் சொன்னால் கூட்டத்தில் கரைந்துவிடும் என்று சாரே சொன்னாரே. இனி வரும் வீடுகளில் சரியாகக் கேட்டால் சரியாகிவிடும். இப்படி நினைத்துக்கொண்டுதான் திங்கட்கிழமை மலை ஏறினான். ஆனால் முதல் வீட்டின் முன்னால் நின்றபோது இன்னொன்றும் உறைத்தது. இன்றைக்குக் கேள்வியை மாற்றினால் இன்றைக்கே பதிலும் மாறும். இருநூற்றுச் சொச்சம் வீடு ஒரு பக்கம், மீதி வீடு மறுபக்கம். திரையில் அந்தக் கோடு ஆடும். சார் கேட்பார்.

"எது வேணுங்க?" என்றான் தேவராஜ்.

தெரியாமல் கேட்டது இருநூற்றுப் பன்னிரண்டு வீடு. தெரிந்து கேட்டது, தெரிந்தும் திருத்தாமல் விட்ட பாப்பாயி வீட்டையும் சேர்த்து, நானூற்று எண்பத்தெட்டு. இந்தக் கணக்கை அவன் யாரிடமும் சொன்னதில்லை, ஆனால் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். அந்த நானூற்று எண்பத்தெட்டில் பாப்பாயி வீட்டைத் தவிர வேறு எங்கேயும் அவன் சாப்பிடவில்லை. தட்டை வைத்தால், வயிறு சரியில்லீங்க என்று எழுந்துவிடுவான். வயிறு சரியில்லாத தம்பி என்றே அந்தப் பக்கத்தில் பெயர் ஆகிவிட்டது. ஒரு வீட்டில் ஓமத்தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தார்கள். அதை மட்டும் குடித்தான்.

அறிக்கை வந்தது. பன்னிரண்டில் பன்னிரண்டாவது பனிச்சாமை. மக்களிடம் வரவேற்பு இல்லை என்று ஒரு வரி. தேவராஜுக்கு வேலை நிரந்தரமானது. அடுத்த வருஷம் நாகலட்சுமியைக் கட்டினான். 2000-இல் மலைமேல் விதைக்கிடங்கு திறந்தபோது, அந்தப் பகுதியை வீடு வீடாக அறிந்தவன் என்று அவனையே பொறுப்பாளனாகப் போட்டார்கள். வெள்ளையடித்த ஒற்றை அறை, ஒரு மேஜை, ஒரு ஸ்டூல், நான்கு ரகத்துக்கு நான்கு பெரிய தகர டிரம்.

கிடங்கில் காசு கிடையாது. ஒரு படி தானியம் கொண்டுவந்தால் ஒரு படி புது விதை. கொண்டுவருகிற தானியம் எதுவானாலும் சரி. அதை எல்லாம் ஒன்றாகக் கொட்டி மூட்டை கட்டி வைப்பார்கள். மாதம் ஒருமுறை லாரி வந்து நாமக்கல் கோழிப்பண்ணைகளுக்குத் தீவனமாக ஏற்றிப் போகும். மேலிடத்து உத்தரவு அப்படி.

2001 வைகாசியில் பாப்பாயி வந்தாள். இடுப்பில் ஒரு கூடை.

"வயிறு இப்ப எப்பிடீங்க தம்பி?" என்று சிரித்தாள். "எல்லாருமு இந்தப் புது வெதையத்தான் போடறாங்க. மேட்டுல பாதிக்குக் குச்சிக்கெழங்கு வெச்சாச்சு. மொடாவுல பனிச்சாமை ஒரு படிதான் மிச்சம், அதுவுமு அந்துப்பூச்சி உழுகுது. நீங்க பன்னண்டு வெதையையுங் கேட்டுக்கிட்டுப் போனீங்க. இங்க இருந்தா மருந்து போட்டு நல்லா வெச்சிருப்பீங்கல்லொ. இதக் குடுத்துட்டு, உங்க டிரம்முல இருக்கற பெருஞ்சாமையில ஒரு படி வாங்கிக்கறன். பின்னால வேணும்னா வந்து கேக்கறன்."

தேவராஜின் கைகள் கூடையை வாங்கிக்கொண்டன. வாய் திறக்கவில்லை. வேண்டாம் அக்கா, எடுத்துக்கொண்டு போங்கள், இங்கே கொடுத்தால் கோழிக்குத்தான் போகும் என்று சொல்ல அதிக நேரம் ஆகாது. சொன்னால், ஏன் என்று கேட்பாள். அவள் கேட்காமல் விடுகிற ஆள் இல்லை.

"பத்தரமா வெச்சிருங்க" என்று சொல்லிவிட்டு அவள் போனாள். மறுவாரம் லாரி வந்தது. அந்த ஒரு படியைத் தனியாக எடுத்து வைக்கவேண்டும் என்று அவன் நினைத்துக்கொண்டே இருந்தான். மூட்டை ஏற்றுகிற அன்று ராசிபுரத்தில் ஒரு கூட்டம் என்று போகவேண்டியதாயிற்று. திரும்பி வந்தபோது அறை கூட்டிச் சுத்தமாக இருந்தது.

2002-இல் மழை இல்லை. ஆடி போயிற்று, வானம் வெள்ளையாகவே நின்றது. குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி மண்ணுக்குள் சுருண்டது. புது விதையில் போட்டது முளைத்து, காய்ந்து, மாடு மேய்ந்தது. அப்போதுதான் எல்லாருக்கும் பனிச்சாமை நினைவு வந்தது. இங்கே அங்கே ஐந்தாறு வீட்டில் மீந்திருந்ததையும் பஞ்சத்தில் குத்தித் தின்றாகிவிட்டது. ஆவணி பிறந்த மூன்றாம் நாள், திண்ணனூர் நாட்டிலிருந்து நடந்தே பாப்பாயி கிடங்குக்கு வந்தாள். கூடவே அப்பாசாமி.

"ஏனுங்க தம்பி, நான் குடுத்து வெச்சனே அந்த ஒரு படி. இப்ப வெதைச்சாக் கூடப் பனியில புடிச்சுக்கும். அது ஒண்ணுதான் வழி."

தேவராஜ் டிரம்களைப் பார்த்தான். நான்கு டிரம்மும் அவனைப் பார்த்தன.

"இல்லீங்க்கா. அது... பனிச்சாமை இங்க வெக்கறதில்லீங்க."

"வெக்கறதில்லீங்களா? பன்னண்டுங் கேட்டீங்களே."

"நாலுதான் வெக்கச் சொல்லீட்டாங்க. பனிச்சாமைய மக்கள் வேணாம்னு சொல்லீட்டாங்கன்னு... கம்ப்யூட்டர்ல அப்பிடித்தான் வந்துச்சுங்க."

பாப்பாயி சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தான். போட்டால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தான். அவள் அப்படியே நின்றாள். கூடையை ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றினாள்.

"நானுந்தான வேணாம்னு சொன்னன்" என்றாள் மெதுவாக. "நாலு தடவ கேட்டீங்க. நாலு தடவையும் வேணாம்னு சொன்னன். ஊட்டுல இருக்குதுங்கற திமிருல வெளையாட்டுப் பேச்சுப் பேசுனன். அதத்தான எழுதிக்கிட்டுப் போனீங்க."

"அக்கா..."

"உங்கள என்னுங்க சொல்றது? நீங்க கேட்டீங்க, நான் சொன்னன். என்ற வாயிதானுங்க." புருஷனைப் பார்த்தாள். "வெதைய வேணாம்னு சொன்னா வெதை கோவிச்சுக்காதா?"

அப்பாசாமி அன்றைக்கு ஒரு வார்த்தை பேசினார். "வா" என்றார். இருவரும் வெயிலில் இறங்கிப் போனார்கள். தேவராஜ் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். கூப்பிடலாம். இன்னும் வளைவு தாண்டவில்லை. இன்னும் தெரிகிறார்கள். தாண்டிவிட்டார்கள்.

பத்து நாள் கழித்துச் சின்னராசு கிடங்குப் பக்கம் வந்தபோது சொன்னார். பாப்பாயி வீடு வீடாகப் போய், நான் வாய் தவறி வேணாம்னு சொன்னதால் விதை போய்விட்டது என்று அழுகிறாளாம். கேட்ட பெண்களுக்கும் நினைவு வந்துவிட்டது, நாங்களும் அப்படித்தான் சொன்னோம் என்று. ஒரு ஊரில் செய்த தப்புக்குப் பரிகாரமாகக் கோயிலுக்குத் தப்புக்காசு முடிந்து வைத்திருக்கிறார்களாம். "எங்க ஊட்டுலயும் நான் வேணாம்னுதானுங்க சொன்னன். எதுக்குச் சொன்னன்னு இன்னிக்கு வரைக்குந் தெரியில" என்று சொல்லிவிட்டு அவரும் தலையைத் தொங்கப் போட்டார். கேள்வியைத் தப்பாகக் கேட்டவனுக்கு முன்னால் நின்று, பதில் சொன்ன மனுஷர் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார். இரண்டு நாட்டுச் சனமும் தன்னைத் தானே குற்றம் சொல்லிக்கொண்டிருக்க, குற்றவாளி ஸ்டூலில் உட்கார்ந்து சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தான்.

அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் பரணில் இருந்த தகரப் பெட்டியை இறக்கினான். கணக்கெடுப்புக்குக் கொண்டுபோன பன்னிரண்டு பைகளும் ஒரு துணியில் சுற்றி அப்படியே இருந்தன. பனிச்சாமை ஒரு கைப்பிடி. நாலரை வருஷம் ஆகிவிட்டது. நூறு மணியை எண்ணி ஈரச் சாக்கில் போட்டு மூடி வைத்தான். நாகலட்சுமி, எதற்கு என்று கேட்டாள். அவளிடம்தான் முதல்முதலாக எல்லாவற்றையும் சொன்னான், இருநூற்றுப் பன்னிரண்டையும், நானூற்று எண்பத்தெட்டையும். அவள் ஈரச் சாக்கின் ஓரத்தைச் சரியாக மடித்துவிட்டாள்.

"கல்யாணத்துக்கு முன்னாடி இந்த வேலையப் பாத்துத்தான் எங்கப்பா சரின்னாரு" என்றாள். அப்புறம், "போயிச் சொல்லீருங்க. எனக்குத் தெரிஞ்சு நீங்க ஒருநாளும் ரசிச்சுச் சாப்புட்டதில்ல. இப்பத்தான் எதுனாலன்னு தெரியுது" என்றாள்.

ஆறாம் நாள் சாக்கைப் பிரித்தான். நூற்றில் பதினான்கு முளைத்திருந்தது. அந்தக் கணக்குக்குக் கைப்பிடியில் முளைக்கக்கூடியது சில ஆயிரம் மணி இருக்கும். பாத்தி கட்டிக் காப்பாற்றினால் ஒரு முறம், அடுத்த வருஷம் ஒரு மூட்டை, அதற்கடுத்த வருஷம் ஒரு காடு. இந்த வருஷத்துக்கு ஒன்றும் இல்லை.

எஸ்.டி.டி. பூத்திலிருந்து தரணிதரனுக்குப் போன் செய்தான். அவர் முழுக்கக் கேட்டார்.

"ஒருத்தர் ரெண்டு பேர் பதில் மாறுனா..." என்று ஆரம்பித்தார்.

"எழுநூறு வீடுங்க சார். அத்தனையும் ஒரே பக்கமாத் தப்பு. அது எப்பிடிங்க கரையும்?"

அந்தப் பக்கம் தாள் புரட்டுகிற சத்தம் கேட்டது. அப்புறம் கேட்டார். "தெரியாமதான செஞ்சீங்க?"

"பாதிக்கு மேல தெரிஞ்சுதானுங்க சார்."

"அந்தத் தகவல வெச்சு இன்னும் ரெண்டு மலைக்குக் கணக்குப் போட்டாச்சு தேவராஜ்" என்றார் அவர். குரல் ஒடுங்கியிருந்தது. "எழுத்துல குடுங்க. குடுத்தா வேலை இருக்காது. யோசிச்சுக்கங்க." யோசிக்க ஆரம்பித்தால் என்ன ஆகும் என்று தேவராஜுக்குத் தெரியும். பூத்திலேயே ஒரு தாள் வாங்கி எழுதி, பஸ் ஸ்டாண்டுத் தபால்பெட்டியில் போட்டுவிட்டுத்தான் மலை ஏறினான்.

திண்ணனூர் நாட்டில் பாப்பாயி வீட்டை அடைந்தபோது உச்சிவேளை. வழியெல்லாம் மேட்டுக்காடுகள் வெறுமையாகக் கிடந்தன. அப்பாசாமி வாசலில் கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார். உள்ளே உலை கொதிக்கிற வாசனை வந்தது, ரேஷன் அரிசி. பாப்பாயி வந்து நிலைப்படியில் நின்றாள். இந்தப் பதினைந்து இருபது நாளில் இளைத்திருந்தாள்.

"வாங்க தம்பி."

அவன் உட்காரவில்லை. பையை எடுத்து அவள் கையில் வைத்தான். அவள் பிரித்து, இரண்டு மணியை உள்ளங்கையில் தட்டி, பல்லில் கடித்துப் பார்த்தாள். முகம் மாறியது. "பனிச்சாமை" என்றாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. "எங்க கெடைச்சுதுங்க?"

அவள் சந்தோஷப்பட்ட அந்த நொடியில் திரும்பிப் போயிருந்தால் அவன் அந்த மலைக்கே நல்லவனாகியிருப்பான். விதை கொண்டுவந்து கொடுத்த தம்பி என்று சாகும்வரை சொல்வார்கள். வாயை மூடிக்கொண்டிருக்க அவனுக்குத் தெரியும். அதில் அவன் கைதேர்ந்தவன்.

"அக்கா, தப்பு உங்க வாயில இல்லீங்க" என்றான். "என்ற வாயில."

பிறகு சொன்னான். தாளில் இருந்த கேள்வியை, தான் மாற்றிக் கேட்டதை, இந்த வாசலில் சோறு தின்றபோதே தெரிந்துகொண்டதை, தெரிந்தும் அவளுடைய நான்கு கோட்டைத் திருத்தாமல் போனதை, அதற்கு அப்புறம் நானூற்று எண்பத்தேழு வீட்டில் தெரிந்தே அதே கேள்வியைக் கேட்டதை, அதற்காக வேலை கிடைத்ததை. அவள் கொடுத்த ஒரு படி எங்கே போனது என்பதையும் சொன்னான். கோழி என்ற சொல் வந்தபோது அப்பாசாமியின் கை கயிற்றில் நின்றது.

பாப்பாயி திட்டவில்லை. பையின் வாயை நன்றாக முறுக்கி, முந்தானையில் முடிந்து, இடுப்பில் செருகிக்கொண்டாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். ஏதாவது சொல்லட்டும், எதுவானாலும் சரி என்றிருந்தது அவனுக்கு.

உள்ளே போய் உலையை இறக்கி வைத்துவிட்டு வந்தாள். அவனை ஒருதரம் முழுக்கப் பார்த்தாள்.

"சோறு வேணுங்களா?" என்று கேட்டாள்.

தேவராஜ் நிமிர்ந்து பார்த்தான். அவள் கையில் தட்டு இல்லை.

"வேணாங்க" என்றான்.

காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாததால் அவனுக்கு நல்ல பசி. செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கினான்.